மிடறா, கட்டமா, பந்தயமா: விவாத இரவுக்கு எந்த விளையாட்டு?

தேர்தல் நெருங்கினால், டிஷ் இருக்கிற ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடி உட்கார்ந்து தொலைக்காட்சி விவாதம் பார்ப்பது இலங்கை மலையகத்தில், அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமெல்லாம் பழைய வழக்கம்தான். அதற்கு மேல் ஒரு குடி விளையாட்டும் வைப்போம் என்பது இளைஞர்கள் கிளப்பும் யோசனை. அமெரிக்கர்கள் விவாதம் பார்க்கும்போது விளையாடுவது அது: சில சொற்களை முதலிலேயே குறித்துக்கொள்வது, வேட்பாளர் அதைச் சொன்னவுடன் எல்லோரும் ஒரு மிடறு குடிப்பது. கேட்கப் பகிடியாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்முடைய விவாதத்துக்கும் நம்முடைய இஸ்தோப்புக்கும் (வீட்டு முன்திண்ணைக்கும்) அது பொருந்துமா என்று மாற்று விளையாட்டுகளோடு வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் அந்த அசல் விளையாட்டையே எடுப்போம்.

சொல்லுக்கு ஒரு மிடறு

இதன் பெரிய பலம், யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. சொல் காதில் விழுந்தால் குடி, விழாவிட்டால் சும்மா இரு. ஆனால் அமெரிக்க விவாதத்தின் அளவு வேறு. 2024 ஜூனில் பைடனும் ட்ரம்பும் மோதியது 90 நிமிட விவாதம். ஒருவர் பேசும்போது மற்றவரின் மைக்கை அணைத்துவிட்டார்கள். யார் எவ்வளவு நேரம் பேசலாம் என்று கடிகாரம் சொன்னது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சொல் எத்தனை தடவை வரும் என்று ஓரளவுக்கு மட்டுக்கட்டலாம்.

நம்மூரில் பெரிய தலைவர்கள் நேருக்கு நேர் நின்று பேசுவதே அரிது. 2024இல் ஜனாதிபதி வேட்பாளர்கள் அநுரவும் சஜித்தும் விவாதிக்கப் போகிறார்கள் என்று வாரக்கணக்கில் பேச்சு அடிபட்டது, கடைசியில் அது நடக்கவேயில்லை. நமக்குக் கிடைப்பது நாலு கட்சிக்காரர்களும் ஒரு நெறியாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவர் பேச்சை ஒருவர் மிதிக்கும் நிகழ்ச்சி. அதில் ‘மலையக மக்கள்’, ‘200 வருடம்’, ‘சம்பளம்’ என்ற மூன்றையும் குறித்து வைத்தால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு சொல்லும் பதினைந்து தடவை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் பேசும் மேசையில் இது கஞ்சத்தனமான கணக்கு. மொத்தம் 45 மிடறு. ஒரு மிடறு பியர் 25 மில்லிலீட்டர் என்றாலும் ஒரு லீட்டரைத் தாண்டிவிடுகிறது. 4.8 சதவீத லாகர் என்றால் ஏறத்தாழ 43 கிராம் மதுசாரம். 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் என்றால் 78 கிராம். ஈரலால் மணிக்குப் பத்துக் கிராம் அளவைக் கரைப்பதே பெரிய காரியம். சாராயம் என்றால் கேட்கவே வேண்டாம்: தண்ணீர் கலக்காமல் 15 மில்லி மிடறாக வைத்தாலும் 675 மில்லி, அதாவது முழுப் போத்தலுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரே ஆளுக்கு. விவாதத்தின் இரண்டாம் பாதியில் யார் என்ன சொன்னார் என்று கேட்க அந்த வீட்டில் ஆளிருக்காது.

இன்னொன்று, குடி என்பது தோட்டத்தில் விளையாட்டுப் பேச்சு இல்லை. சம்பள நாளில் தவறணைப் (மதுக்கடை) பக்கம் போன கணக்கும், கசிப்பு எனும் கள்ளச்சாராயம் தின்ற குடும்பங்களும் எல்லா லயத்திலும் (தொழிலாளர் வரிசை வீடுகளிலும்) உண்டு. போத்தலை மேசையில் வைத்த அந்த நிமிடமே பெண்கள் குசினிக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுவோ சிகரெட்டோ விற்கக்கூடாது என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே முதல் முறை வாக்குப் போடப் போகிற, இந்த விவாதத்தை உண்மையிலேயே கேட்க வேண்டிய 18, 19 வயதுப் பிள்ளைகளும் ஆட்டத்துக்கு வெளியே. தேயிலைக் கொழுந்தெடுக்கிற சம்பளத்தைப் பற்றிய விவாதம், கொழுந்தெடுக்கிற பெண்ணே அறையில் இல்லை. இந்த விளையாட்டை நான் வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

அதே விளையாட்டு, கிளாசில் பிளேன்டீ

இதைத்தான் பலரும் சமாதானமாகச் சொல்வார்கள். 45 மிடறு பிளேன்டீ (பால் கலக்காத தேநீர்) ஐந்தாறு கிளாசுக்கு மேல் போகாது. இஞ்சி தட்டிப் போட்டு, சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குடித்தால் சீனி வருத்தக்காரரும் தன் அளவைத் தானே பார்த்துக்கொள்ளலாம். குளிருக்கும் ஆகும். ஜிஞ்சர் பியர் வேண்டுமென்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும், ஆனால் மூன்றாவது கிளாசில் வயிறு ஊதும்.

அமெரிக்க விவாதத்தை நேரலையில் பார்க்கிறவர்களுக்கு இதைத் தவிர வேறு வழியே இல்லை என்பது தனிக்கதை. அங்கே இரவு ஒன்பது மணி என்றால் நமக்கு விடியற்காலை ஆறரை. 2024 செப்டெம்பரில் ஹாரிஸும் ட்ரம்பும் மோதியது இங்கே காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் போகிற நேரம். அந்த நேரத்தில் பியரைத் திறந்தால் அம்மா விளக்குமாற்றைத் தேடுவார்.

ஆகக் குடியின் தொல்லை தீர்ந்தது. விளையாட்டின் தொல்லை தீரவில்லை. சொல்லுக்காகக் காத்திருக்கிற காது, சொல்லைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. ‘சம்பளம்’ என்று வந்ததும் ஒரே சத்தம், சிரிப்பு, கிளாஸ் தூக்கல். சம்பளத்தைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்பது அந்தச் சத்தத்தில் போய்விடும். அரசியல்வாதிக்கு இதைவிட வசதியான ரசிகர் கூட்டம் கிடைக்காது.

கட்டம்

பிங்கோ மாதிரித்தான். ஒரு தாளில் நாலுக்கு நாலு, பதினாறு கட்டம். ஒவ்வொன்றிலும் விவாதத்தில் வரக்கூடிய ஒரு விஷயம். வந்தால் பேனையால் வெட்டு; ஒரு வரிசை நிரம்பினால் ஜெயிப்பு. எல்லாத் தாளிலும் அதே விஷயங்கள்தான், இடம் மட்டும் மாறி மாறி இருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

சொல் விளையாட்டைவிட இது மேல் என்று நான் சொல்வது கட்டத்துக்குள் என்ன எழுதுகிறோம் என்பதால். ‘சம்பளம்’ என்று எழுதினால் பழைய கதைதான். ஆனால் நம்முடைய சம்பள எண்களுக்கு ஒரு வாடிக்கை உண்டு, அதைக் கட்டத்துக்குள் கொண்டுவரலாம். 2021இல் தோட்டத் தொழிலாளருக்கு வந்த 1000 ரூபா நாட்சம்பளம் உண்மையில் 900 அடிப்படைச் சம்பளமும் 100 கொடுப்பனவும். 2024 மே தினத்தில் கொட்டகலையில் அறிவித்த 1700 ரூபா, ஜூலையில் உயர் நீதிமன்றத் தடையில் நின்று, செப்டெம்பரில் 1350 சம்பளம், மிச்சம் 350 ஊக்கத்தொகை என்ற பேச்சாகப் பிரிந்து வந்தது. 2026 ஜனவரிக்கென்று வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த 1750, 1550 சம்பளமும் வேலைக்கு வருவதற்காக அரசாங்கம் தரும் 200 ரூபா கொடுப்பனவும். ஒவ்வொரு முறையும் மேடையில் பெரிய எண், சம்பளச் சீட்டில் இரண்டு எண்.

ஆகவே இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்று: ‘முழுத் தொகையை மட்டும் சொன்னார்’. மற்றது: ‘தொகையைப் பிரித்து, எது யார் கையிலிருந்து வருகிறது என்று சொன்னார்’. முதல் கட்டம் ஐந்து நிமிடத்தில் வெட்டுப்படும். இரண்டாவது கட்டம் காலியாகவே கிடந்து கிடந்து, அது வெட்டுப்படுமா என்று அறையே காத்திருக்கும். அந்தக் காத்திருப்பில்தான் ஆட்கள் உண்மையில் விவாதத்தைக் கேட்கிறார்கள்.

போன ஜனாதிபதித் தேர்தல் சமயம் எங்கள் வீட்டில் இதை வைத்தோம். நடுவர் எங்கள் சித்தி, கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். ஒருவர் 1700 என்று முழங்கியதும் மச்சான் இரண்டாவது கட்டத்தை வெட்டப் பார்த்தான். சித்தி தலையைக்கூடத் திருப்பவில்லை. “அந்த முந்நூத்தம்பது எப்ப கிடைக்கும்னு சொன்னாரா? சொல்லலயில்ல. பேனைய கீழ வை தம்பி.” அதற்குப் பிறகு யாரும் அவரோடு வாதாடவில்லை. போத்தல் வைத்த வீட்டில் அவர் நடுவராக உட்கார்ந்திருக்கமாட்டார்.

மற்றக் கட்டங்களில் சிலவற்றுக்கு என் தெரிவு இப்படி, மிச்சத்தை நீங்களே நிரப்புங்கள்: 1948 (குடியுரிமைச் சட்டம்) வந்தது, 1964 (சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம்) வந்தது, இந்திய உதவி வீடு என்றார், 7 பேர்ச் அல்லது 10 பேர்ச் காணி என்றார், காணி உறுதி (நிலப் பத்திரம்) என்ற பேச்சை வீட்டோடு குழப்பினார், முந்தைய அரசாங்கத்தைத் திட்டினார், நெறியாளர் ‘நேரமில்லை’ என்றார், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள், எதிராளியை ‘தம்பி’ என்றார், விளம்பரம் குறுக்கே வந்தது. விவாதம் சிங்களத்தில் என்றால் ‘வத்து கம்கரு’ (தோட்டத் தொழிலாளர்) என்று காதில் விழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சிங்களம் சரளமாகத் தெரியாத பெரியவர்களும் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

‘பதில் சொல்லாமல் நழுவினார்’ என்று ஒரு கட்டம் போட எல்லோருக்கும் ஆசை வரும். போடாதீர்கள். எது நழுவல் என்பதில் அவரவர் கட்சி வெளியே வந்துவிடும், அப்புறம் தொலைக்காட்சி விவாதத்தை அணைத்துவிட்டு வீட்டு விவாதத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். காதால் கேட்டு உறுதி செய்யக்கூடிய எண், ஆண்டு, சொல், சத்தம், இவற்றோடு நிறுத்துவது நல்லது.

இன்னொன்றும் கட்டத்துக்குள் வரக்கூடாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் மலைகளில் செய்ததற்குப் பிறகு, மண்சரிவும் இடம்பெயர்ந்தவர்களும் எல்லா விவாதத்திலும் வருவார்கள். அந்த அறையிலேயே வீட்டை இழந்தவரோ உறவை இழந்தவரோ உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பேச்சு தொடங்கினால் பேனையைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பந்தயம்

விவாதம் தொடங்குமுன் ஆளுக்கொரு துண்டில் ஊகம் எழுதி டப்பாவில் போடுவது: யார் முதலில் கோபப்படுவார், யார் அதிக நேரம் பேசுவார், எத்தனை தடவை விளம்பரம் வரும். முடிந்ததும் பிரித்துப் படிப்பது. செலவில்லை, சத்தமில்லை. ஆனால் நடுவில் விறுவிறுப்பும் இல்லை. துண்டை எழுதிப் போட்டபின் பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள். காசு வைத்தால் விறுவிறுப்பு வரும், கூடவே சண்டையும் வரும். பேர் குறைவாக, நாலைந்து பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்குச் சரி.

என் கணக்கில்

கூட்டம் கலப்பாக இருந்தால் கட்டமும் பிளேன்டீயும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மிடறு குடிக்க வேண்டுமென்ற ஆசையிருந்தால் தேநீரில் குடித்துக்கொள்ளட்டும், யார் தடுத்தது. முதல் வரிசை நிரப்பியவருக்குப் பரிசு, டெவல் கோழியில் முதல் தட்டு. கூட வைக்க மரவள்ளிக்கிழங்கும் கட்டச் சம்பலும் போதும்; ரோல்ஸ், கட்லட் எல்லாம் டவுனிலிருந்து வர வேண்டும்.

பாட்டிலைத் திறந்தே ஆகவேண்டுமென்ற கூட்டம் இருக்கத்தான் செய்யும். அவர்களுக்கு ஒரே நிபந்தனை: தொலைக்காட்சியை அணைத்தபின், 21க்கு மேற்பட்டவர்கள் மட்டும், குடித்தவர் அங்கேயே தூங்கிவிட வேண்டும். பனி இறங்கிய பிறகு அந்த வளைவுகளில் மோட்டார் சைக்கிள் வேண்டாம். வாக்களிப்பு நாளில் கூட்டம் போட்டால் அந்தப் பேச்சே எழாது, மதுக்கடைகள் பூட்டியிருக்கும், போயாவிலும் அப்படித்தான்.

மிஞ்சியது இரண்டு சில்லறை விஷயம். ஒரே அறையில் ஒருவர் டிஷ்ஷிலும் இன்னொருவர் போனில் யூடியூப்பிலும் பார்க்கக்கூடாது; போன் பல விநாடி பிந்தி வரும், வெட்டில் தகராறு நிச்சயம். மழை பலமாக அடித்தால் டிஷ் சிக்னல் போகும், பலநேரம் கரண்டும் போகும். கரண்ட் போனால் அதுவரை வெட்டிய கட்டங்களை எண்ணி, அதிகம் வெட்டியவருக்குப் பரிசைக் கொடுத்துவிடுங்கள். கோழி ஆறும்வரை கரண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.