குற்றவாளி தரும் இழப்பீடா, அரசு தரும் இழப்பீடா?

காரைக்குடிப் பக்கம், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு நடுவே தனியாக இருக்கும் ஆச்சியின் சங்கிலியைப் பறித்து, கீழே தள்ளி இடுப்பெலும்பை முறித்துவிட்டுப் போகிறார்கள். வைத்தியச் செலவுக்கு எந்த வழி?

பணம் யாருடையது?
பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 395: குற்றவாளியுடையது.
பிரிவு 396: அரசு நிதி.

ஆள் பிடிபடாவிட்டால்?
395: வழியே இல்லை.
396: அப்போதும் சிவகங்கை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். இது தெரியாமலே எத்தனையோ குடும்பங்கள் நகையை அடகு வைக்கின்றன என்பதுதான் என் ஆதங்கம்.

எப்போது கிடைக்கும்?
395: தண்டனை வர வேண்டும். அபராதத்திலிருந்து தரும் தொகை, மேல்முறையீடு போனால் அது முடியும்வரை கைக்கு வராது.
396: மனுவின் மீதான விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்கச் சட்டமே சொல்கிறது. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ சான்று தந்தால், இலவச முதலுதவிக்கும் இடைக்கால நிவாரணத்துக்கும் ஆணைக்குழு உத்தரவிடலாம். சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

குற்றவாளி வசதியானவர், தீர்ப்பும் நெருங்கிவிட்டது என்றால், 395-ஐ அரசு வழக்கறிஞரிடம் வலியுறுத்துங்கள். தொகை போதாவிட்டால் நீதிமன்றமே 396-க்குப் பரிந்துரைக்கலாம். ஆள் அகப்படவில்லை, மருந்துக்கே திண்டாட்டம் என்றால், எஃப்.ஐ.ஆர். நகலும் மருத்துவச் சான்றும் எடுத்துக்கொண்டு சிவகங்கைக்குப் பஸ் ஏறுங்கள்.