கன்னியர் பள்ளியில் மகளைப் படிக்கவைத்த அனுபவம்: மறைக்கல்வி, நன்னெறி, ஒன்பதாம் வகுப்பு டி.சி.

எங்களுடையது சைவக் குடும்பம். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்தது கத்தோலிக்கக் கன்னியர் (சிஸ்டர்கள்) நடத்தும் அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளியில், தமிழ் வழியில். 2025 மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதிவிட்டு இப்போது கல்லூரிக்குப் போகிறாள். மகன் அதே ஊரில் ஆயர் (பிஷப்) தலைமையிலான மறைமாவட்டம் நடத்தும் ஆண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இருக்கிறான். தென் மாவட்டத்தில் ஒரு நடுத்தர ஊர்; பள்ளிகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அங்கே மதத்தைத் திணிப்பார்களா?" திணிக்கவில்லை என்று சொல்கிறேன். அடுத்து நான் சொல்ல வருவதைக் கேட்காமலே நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் கேட்காமல் போன பகுதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தத் திணிப்புக் கேள்வியையே முடித்துவிடலாம். சேர்க்கை விண்ணப்பத்தில் 'மறைக்கல்வி' (கத்தோலிக்கச் சமயப் பாடம்) என்றும் 'நன்னெறிக் கல்வி' என்றும் இரண்டு கட்டங்கள் இருந்தன. எது வேண்டுமோ அதில் பெற்றோர் குறியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இது பள்ளியின் பெருந்தன்மை மட்டும் அல்ல, சட்டமும்கூட. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் சமய போதனையிலோ வழிபாட்டிலோ ஒரு சிறுவரைப் பங்கேற்கச் செய்ய வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 28(3)-வது பிரிவு. சிறுபான்மையினருக்குத் தங்கள் பள்ளியை நடத்திக்கொள்ளும் உரிமை தரும் 30-வது பிரிவைப் பள்ளிகள் அடிக்கடி நினைவூட்டுகின்றன. அதற்குச் சற்று முன்னால் இருக்கும் இந்தப் பிரிவும் பெற்றோருக்கு நினைவிருந்தால் நல்லது.

வாரத்தில் இரண்டு பீரியட். மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் தனி நோட்டை எடுத்துக்கொண்டு மறைக்கல்விக்காகச் சிற்றாலயத்தை ஒட்டிய கூடத்துக்குப் போவார்கள். மற்றவர்கள் வகுப்பிலேயே இருந்து நன்னெறி படிப்பார்கள். மாதத்தின் முதல் வெள்ளியன்று திருப்பலி, அதாவது பூசை. அப்போதும் மற்றவர்களுக்கு வகுப்பறையில் படிப்பு நேரம். காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு பொதுவான செபப் பாடல், விவிலியத்திலிருந்து ஒரு வசனம், ஒரு திருக்குறள், செய்தி, உறுதிமொழி, நாட்டுப்பண். என் மகளுக்கு 'விண்ணகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே' மனப்பாடம். திருவெம்பாவையும் மனப்பாடம். இரண்டையும் ஒரே ராகத்தில்தான் சொல்வாள், அது வேறு கதை.

நெற்றியில் திருநீறும் சிறிய பொட்டும் வைத்துப் போகலாம். பூவும் கொலுசும் யாருக்கும் கிடையாது. மகனின் பள்ளியில் ஐயப்பனுக்கு மாலை போட்ட பையன்கள் செருப்பில்லாமல் வருவதை யாரும் கேட்பதில்லை. 2024 ஏப்ரலில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பிற சமய மாணவர்கள்மேல் கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்க வேண்டாம், காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகவுரையை வாசிக்கச் செய்யுங்கள், எல்லாச் சமயத்தவரும் வேண்டிக்கொள்ள ஓர் அறை ஒதுக்குங்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்த ஜூன் மாதமே மகளின் பள்ளியில் முகவுரை வாசிப்பு தொடங்கிவிட்டது. அறையை மட்டும் நான் இதுவரை பார்க்கவில்லை.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் அட்டையில் செய்த சின்ன உண்டியல் ஒன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். ஏழைகளுக்கான உதவி, விருப்பப்பட்டவர்கள் போடலாம் என்று சுற்றறிக்கையில் இருக்கும். ஆனால் எந்த வகுப்பு எவ்வளவு சேர்த்தது என்று கரும்பலகையில் எழுதி, அதிகம் சேர்த்த வகுப்புக்குப் பரிசும் கொடுப்பார்கள். கரும்பலகையில் எண் ஏறிய பிறகு விருப்பம் எங்கே இருக்கிறது? "நம் செக்ஷன்தான் கடைசி" என்று மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்த அன்று, என் மனைவி கடுகு டப்பாவிலிருந்து நூறு ரூபாயை எடுத்துப் போட்டாள். வருமானம் இல்லாத வீட்டுப் பிள்ளை அன்று என்ன செய்திருக்கும் என்று அப்போதே நினைத்தேன். எழுதியும் கொடுத்தேன். அடுத்த ஆண்டு பரிசு நின்றது, பலகை நிற்கவில்லை.

கத்தோலிக்க நண்பர் ஒருவருக்கு வேறு வகை வருத்தம். அவர் தன் பங்கில் (ஊர்க் கோயிலைச் சேர்ந்த சமூகத்தில்) ஞாயிறு மறைக்கல்வி எடுப்பவர். "ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நடத்தும் பாடத்தையே பள்ளியில் திரும்ப நடத்துகிறார்கள். புதுநன்மை வாங்கிய பிள்ளைக்கும் உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைக்கும் ஒரே நோட்ஸ்" என்பார். முன்னது சின்ன வயதிலும் பின்னது வளர்ந்த பிறகும் பெறும் சடங்குகள். அவர் கணக்கில் திணிப்பு போதவில்லை!

நன்னெறி வகுப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பள்ளியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆறிலிருந்து எட்டு வரை அந்த வகுப்பை எடுத்தவர் வயதான ஒரு சிஸ்டர். புத்தகம் இருந்தது, ஆனால் அவர் அதை அதிகம் தொடவில்லை. ஒரு கேள்வியைப் பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளைப் பேசவிடுவார். வீட்டில் அண்ணனுக்கு முட்டை, தங்கைக்கு இல்லை என்றால் யாரிடம் கேட்பது? தோழி காப்பியடித்ததைப் பார்த்தால் சொல்லலாமா? சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பெரியவருக்கு என்ன பதில்? மகளின் அந்த நோட்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன். ஏழாம் வகுப்பு நோட்டு கடைசிப் பக்கம் வரை நிரம்பியிருக்கிறது. ஓரத்தில் சிஸ்டரின் சிவப்பு மையில் 'உன் அம்மாவிடம் கேட்டாயா?' போன்ற குறிப்புகள். பத்தாம் வகுப்பு நோட்டில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறது. ஐந்தாம் பக்கத்திலிருந்து முக்கோணவியல் கணக்குகள்.

அந்த ஐந்தாம் பக்கம்தான் என் புகார். பத்தாம் வகுப்பில் காலாண்டுக்கு முன்பே நன்னெறி பீரியட் கணக்குக்குப் போனது. மறைக்கல்வி பீரியட் அறிவியலுக்குப் போனது. உடற்கல்வி எப்போதோ போய்விட்டது. கால அட்டவணையில் மட்டும் எல்லாம் அப்படியே இருந்தன. நண்பரின் மகளும் என் மகளும் கடைசியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஸ்லிப் டெஸ்ட் எழுதினார்கள். சமய நல்லிணக்கத்தை இப்படியும் கொண்டுவரலாம் போலிருக்கிறது.

படிப்பைப் பொறுத்தவரை பள்ளி நல்ல பள்ளிதான். 2011-ல் சமச்சீர்க் கல்வி வந்த பிறகு பாடநூல் எல்லா இடத்திலும் ஒன்று. வித்தியாசம் அதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்பதில்தான். ஆசிரியர்கள் விடுப்பு எடுப்பது அபூர்வம். மாலையில் படிப்பு நேரம், மறுநாள் காலை அந்தப் பாடத்தில் தேர்வு, மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் போன். கொரோனா காலத்தில் செல்பேசி இல்லாத பிள்ளைகளுக்கு வினாத்தாளை நகலெடுத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், பார்த்தேன். கல்விக் கட்டணம் இல்லை. ஆசிரியர் சம்பளம் அரசுடையது. காலியிடம் நிரப்ப அரசு அனுமதி தாமதமாகும்போது நிர்வாகம் தன் செலவில் குறைந்த சம்பளத்துக்கு ஒருவரை வைக்கும், அந்தச் செலவு பெற்றோர் ஆசிரியர் கழக நிதி என்ற பெயரில் நம்மிடம் வரும். ஆங்கிலப் பேச்சு சுமார்தான்.

உதவிபெறும் பள்ளி என்பது அரசுப் பள்ளியும் அல்ல, தனியார் பள்ளியும் அல்ல என்பதைச் சேர்க்கும்போதே புரிந்துகொள்ளுங்கள். 2020-ல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு நம் பிள்ளைகளுக்குக் கிடையாது. அது அரசுப் பள்ளிக்கு மட்டும். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய், தமிழ் வழியில் படித்த உதவிபெறும் பள்ளி மாணவியருக்கு 2024-25 முதல் கிடைக்கிறது, மகள் வாங்குகிறாள். காலை உணவுத் திட்டமும் உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. 2024 ஜூலையில் ஊரகப் பள்ளிகளுக்கு அதை விரிவாக்கியபோது தொடக்க விழாவே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில்தான் நடந்தது. ஆங்கில வழி சுயநிதிப் பிரிவு அதே வளாகத்தில் இருந்தாலும் இந்தச் சலுகைகளை அங்கே எதிர்பார்க்க முடியாது. பலர் இது தெரியாமல் பிரிவு மாற்றுகிறார்கள்.

இனி ஒன்பதாம் வகுப்பு. எட்டு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டின் நிலைப்பாடு. பத்தில் பொதுத்தேர்வு. ஆகவே வடிகட்ட இருக்கும் ஒரே இடம் ஒன்பது. மகளுடன் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் இருந்த பெண், கணக்கிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கியவள். ஒன்றரை ஆண்டு வகுப்பறை பார்க்காத கொரோனா தலைமுறை, பின்தங்காமல் என்ன செய்யும்? அவள் அம்மாவைக் கூப்பிட்டு, "பாஸ் போட்டுத் தருகிறோம், டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், இங்கேயே இருந்தால் மறுபடி ஒன்பதுதான்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்மணி எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, நீங்கள் பேசினால் சிஸ்டர் கேட்பார்கள்" என்றார்.

போய்ப் பேசினேன். தலைமை ஆசிரியை எங்களை உட்காரவைத்து, டீ வரவழைத்து, பொறுமையாகவே பேசினார். "சார், எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டத்தில் நான் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். பங்கு மக்களும் கேட்பார்கள், தாளாளரும் கேட்பார்" என்றார். பொய் சொல்லவில்லை. நூறு விழுக்காடு என்று வாசலில் ஃபிளெக்ஸ் வைக்காத பள்ளியில் நாமே பிள்ளையைச் சேர்ப்பதில்லை. பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பள்ளி வாசலில் முதல் மூன்று பிள்ளைகளின் படம் இன்னும் தொங்குகிறது.

ஆனாலும் என் மனம் ஆறவில்லை. நண்பரிடம் புத்தகம் வாங்கிப் படித்தேன். உலகக் கத்தோலிக்க ஆயர்களின் மாமன்றமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் கிறிஸ்தவக் கல்வி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. பொருள் வசதியில்லாதவர்கள், குடும்பத்தின் ஆதரவும் அன்பும் கிடைக்காதவர்கள், விசுவாசம் (கிறிஸ்தவ நம்பிக்கை) என்ற கொடையைப் பெறாதவர்கள் ஆகியோரின் தேவையைக் கத்தோலிக்கப் பள்ளிகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும் என்கிறது அது. விசுவாசத்தைப் பெறாதவர் வரிசையில் என் மகள் வருகிறாள், அவளை நன்றாகவே கவனித்தார்கள். முதல் இரண்டு வரிசையிலும் வருகிற பெண்ணுக்கு டி.சி. கொடுத்தார்கள். அவள் கத்தோலிக்கப் பெண் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுபான்மை உரிமை என்று சொல்லி நடத்தும் பள்ளியிலிருந்து அந்தச் சிறுபான்மையின் ஏழைப் பிள்ளைதான் வெளியே போனாள். அரசுப் பள்ளியில் சேர்ந்து பத்தாம் வகுப்பில் அவள் தேறியும்விட்டாள்.

பிளஸ் ஒன் சேர்க்கையில் பிரிவு ஒதுக்கீடு பெரும்பாலும் மதிப்பெண்படி. உயிரியல்–கணிதப் பிரிவில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தளர்வு காட்டினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. மகளின் காலத்தில் பிளஸ் ஒன்னிலும் பொதுத்தேர்வு இருந்தது. 2017-18-ல் தொடங்கிய அந்தத் தேர்வு 2025-26 முதல் இல்லை. முன்பு பிளஸ் ஒன் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு முதல் ஆண்டிலேயே பிளஸ் டூ பாடம் தொடங்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பழைய பழக்கம் திரும்புகிறதா என்று இப்போது மேல்நிலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கத்தோலிக்கப் பள்ளி என்றாலே ஒரே நிர்வாகம் என்று நினைத்துவிடாதீர்கள். மறைமாவட்டப் பள்ளி ஆயரின் கீழ் வரும். துறவற சபைகள் தங்கள் பள்ளிகளைத் தாங்களே நடத்தும். தாளாளர் மாறினால் பள்ளியின் குணமும் மாறும். மகனின் பள்ளியில் இரண்டு ஆண்டுக்கு முன் வந்த ஃபாதர் ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கிய பையன்களுக்கு மாலையில் தனி வகுப்பு வைத்திருக்கிறார், டி.சி. பேச்சை இதுவரை கேள்விப்படவில்லை. எனவே மகன் ஒன்பதாம் வகுப்பையும் அங்கேயேதான் படிக்கப்போகிறான்.

சேர்க்கைக்குப் போகிறவர்கள் மதத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். போன ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், இந்த ஆண்டு பத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைப் பிடித்து, நன்னெறி நோட்டை ஒரு நிமிடம் வாங்கிப் பாருங்கள்.