கனடாவில் மலிவாக ரயில் விட மூன்று வழிகள்: லண்டன், ஒட்டாவா, ஸ்கார்பரோ கணக்கு

கனடாவில் புது ரயில் என்று பேச்செடுத்தாலே ஆல்ட்டோ அதிவேகத் திட்டம்தான் முன்னால் வருகிறது. டொராண்டோவிலிருந்து கியூபெக் நகரம் வரை சுமார் 1,000 கி.மீ.; மதிப்பீடு 6,000 முதல் 9,000 கோடி கனடிய டாலர். கி.மீட்டருக்கு 6 முதல் 9 கோடி. அது வரும்போது வரட்டும். அந்தப் பாதையில் இல்லாத நடுத்தர ஊர்களுக்கு, கைக்கு எட்டும் செலவில் மூன்று வழிகள் உண்டு: சரக்கு நிறுவனத்தின் தண்டவாளத்தில் வாடகைக்கு ஓடுவது, வண்டி அதிகம் ஓடாத பாதையை வசமாக்கிச் சிறு டீசல் ரயில் விடுவது, பழைய ரயில் தடத்தில் பேருந்து விடுவது.

வாடகைத் தண்டவாளம்

தொடங்க எளிது, வளர்ப்பது கடினம். மத்திய அரசின் வியா ரயிலே தான் ஓடும் தண்டவாளத்தில் ஏறக்குறைய 3 சதவீதத்துக்குத்தான் சொந்தக்காரன். வான்கூவரின் வெஸ்ட் கோஸ்ட் எக்ஸ்பிரஸ் 1995-இல் தொடங்கியது, 69 கி.மீ., 8 நிலையங்கள். இன்றும் வார நாட்களில் காலையில் நகருக்குள் 5 வண்டி, மாலையில் வெளியே 5 வண்டி, அவ்வளவுதான். அலுவலகம் போகிறவருக்குப் போதும். மதியம் மருத்துவமனைக்குப் போகிறவருக்கு உதவாது. கூடுதல் வண்டி விட வேண்டுமானால் தடத்தின் சொந்தக்காரரிடம் நேரம் கேட்டு வாங்க வேண்டும்.

ஒன்டாரியோவின் லண்டன் நகரத்துக்கு 2021 அக்டோபரில் விட்ட கோ ரயில் (டொராண்டோ வட்டாரப் புறநகர் ரயில்) சோதனை ஓட்டம் இந்த வழியின் மோசமான வடிவம். நாளுக்கு ஒரு வண்டி போகும், ஒன்று வரும். இடையிலுள்ள கிச்சனர் நகர் வழியாக டொராண்டோ சேர ஏறக்குறைய 4 மணி நேரம். காரில் இரண்டு சொச்சம். 2023 அக்டோபரில் நின்றது. 'ஆள் வரவில்லை' என்று எழுதுவது நியாயமல்ல. கிச்சனருக்கு மேற்கே பழுதுபட்ட பாதையைத் தொடாமல் வண்டியை மட்டும் விட்டால் இதுதான் நடக்கும். கனடிய விதிப்படி 2-ஆம் தரப் பாதையில் பயணிகள் ரயிலின் உச்ச வேகம் மணிக்கு 30 மைல், 3-ஆம் தரத்தில் 60, 4-இல் 80. வேகத்தைத் தீர்மானிப்பது ஸ்லீப்பர் கட்டையும் ஜல்லியும் தண்டவாள இணைப்பும், எஞ்சின் அல்ல.

ஒட்டாவா வழி

2001-இல் ஒட்டாவா செய்ததை மலிவு ரயிலுக்குப் பாடமாகவே வைக்கலாம். ஏற்கெனவே கிடந்த ஒற்றைச் சரக்குப் பாதையில் 8 கி.மீ., 5 நிலையங்கள், 3 டீசல் ரயில்கள். மொத்தச் செலவு சுமார் 2.1 கோடி டாலர், கி.மீட்டருக்கு 26 லட்சம். நடுவே கார்ல்டன் நிலையத்தில் ஒரே ஒரு லூப் லைன், அதாவது எதிரெதிர் வண்டிகள் ஒதுங்கிக் கடக்கும் துணைத் தடம். லூப்பிலிருந்து முனைக்கு 6 நிமிடம், முனையில் திரும்ப 3, மீண்டும் லூப்புக்கு 6. ஆக 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி. ஒற்றைப் பாதையில் லூப் எங்கே விழுகிறது என்பதே கால அட்டவணை.

இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஐரோப்பிய இலகு வண்டிகள் வட அமெரிக்க மோதல் தாங்கு விதிக்கு ஒத்துவராதவை. அதனால் சரக்கு ரயிலும் அவையும் ஒரே நேரத்தில் ஓட முடியாது. ஒட்டாவா சரக்கை இரவுக்குத் தள்ளியது. பகலில் சரக்கு ஓடியே ஆக வேண்டுமென்றால், டொராண்டோ விமான நிலையத்துக்கு 2015 முதல் ஓடும் நிப்பான் ஷார்யோ வகை போன்ற கனமான டீசல் வண்டி வேண்டும்.

அடுத்தது லெவல் கிராசிங். வண்டி வருவதை டிராக் சர்க்யூட், சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களை மின்சாரத்தால் இணைப்பதை வைத்து அறிகிறது. அச்சு குறைவு, எடை குறைவு, தண்டவாளத்தில் துரு என்றால் இணைப்பு விட்டுப்போய் கேட் மூடாமல் போகலாம். வியாவின் புதிய சீமென்ஸ் வண்டிகளுக்கே 24 அச்சுகள். அதற்கே 2024 அக்டோபரில், தண்டவாளத்தின் சொந்தக்காரரான சிஎன் சரக்கு ரயில் நிறுவனம் கிராசிங்குகளில் வேகக் கட்டுப்பாடு போட்டது. இரண்டு பெட்டி வண்டிக்கு 8 அச்சுதான். எனவே கேட்டுகளுக்கு ஆக்சில் கவுண்டர் (கடக்கும் அச்சுகளை எண்ணும் கருவி) பொருத்தும் செலவை முதல் மதிப்பீட்டிலேயே எழுதிவிட வேண்டும். பிறகு சேர்த்தால் திட்டமே சிரிப்பாகிவிடும்.

தடத்தில் பேருந்து

டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் 1985 முதல் ஓடிய 3-ஆம் ரயில் வழித்தடம் 2023 ஜூலையில் தடம் புரண்டதோடு மூடப்பட்டது. அந்தத் தடத்தின் ஒரு பகுதிதான் பேருந்துப் பாதையாகிறது. மாற்றாக வரும் சுரங்க ரயில் 7.8 கி.மீ., 3 நிலையங்கள், 2019 மதிப்பீட்டில் 550 கோடி டாலர் அளவு; கி.மீட்டருக்கு 70 கோடி. முன்பு ஒப்புக்கொண்டு கைவிட்ட 7 நிலைய இலகு ரயிலை நினைத்தால் அங்கே குடியிருப்போருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? பேருந்துப் பாதை நகருக்குள் 5, 6 கி.மீட்டருக்குச் சரி. ஊர்விட்டு ஊருக்கு வேகம் போதாது.

லண்டனுக்கு எது?

என் ஓட்டு இரண்டாவதற்கு. கிச்சனர்–ஜார்ஜ்டவுன் 53 கி.மீ. பாதையை கோ ரயிலை நடத்தும் ஒன்டாரியோ அரசு நிறுவனமான மெட்ரோலிங்க்ஸ் 2014-இல் சிஎன்னிடமிருந்து 7.6 கோடிக்கு வாங்கியது, கி.மீட்டருக்கு 14 லட்சம்தான். கிச்சனர்–லண்டன் சுமார் 95 கி.மீட்டரையும் அப்படி வாங்கி, 3-ஆம் தரத்துக்கு உயர்த்தி, ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு லூப் வைக்க வேண்டும். நீளமான லண்டன் பக்கம் ஒரு வழிக்கு 40 நிமிடம் என்றால் 40, 40, திரும்ப 10. ஆக 90 நிமிடத்துக்கு ஒரு வண்டி. ஓட்டத்துக்கு இரண்டு, பராமரிப்புக்கு மாற்றாக ஒன்று, மூன்று வண்டி போதும். 60 நிமிட இடைவெளி வேண்டுமானால் லூப்புகளும் வண்டிகளும் இன்னும் கூடுதலாக வேண்டும்.

நேராக டொராண்டோவுக்குள் விட ஆசைப்பட வேண்டாம். ஜார்ஜ்டவுனுக்கும் பிராமெலியாவுக்கும் இடையே சிஎன்னின் முதன்மைச் சரக்குத் தடம் குறுக்கே நிற்கிறது. கிச்சனரில் கோ ரயிலுக்கு மாறுவதுதான் வழி, ஆனால் ஒரே நடைமேடையில், எதிரெதிரே, லண்டன் வண்டி தாமதமானால் கோ ரயில் 5 நிமிடம் காத்திருக்கும் என்ற எழுத்துப்பூர்வ உடன்பாட்டோடு.