பாக்சைட்டா, பழைய குண்டானா?

சேர்வராயன் மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட் இருக்கிறது. கீழே சேலத்துக் காயலான் கடைகளில் நசுங்கிய குண்டான், ஜன்னல் சட்டம், பைக் பிஸ்டன் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. இரண்டிலிருந்தும் அலுமினியம் எடுக்கலாம். எது தேவலை?

பாக்சைட்டின் வழி நீளம். காஸ்டிக் சோடாக் கரைசலில் வேகவைத்தால் சிவப்புச் சேறு ஒதுங்கி, வெள்ளை அலுமினா (அலுமினிய ஆக்சைடு) கிடைக்கும். சுமார் 4 டன் பாக்சைட்டுக்கு 2 டன் அலுமினா. அதிலிருந்து 1 டன் உலோகம். அலுமினாவை நேரடியாக உருக்க 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். கிரையோலைட் என்ற தாதுவை உருக்கி அதில் கரைத்துவிட்டால் 960 டிகிரியே போதும் என்று 1886-ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூல்ட்டும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். தொட்டியிலுள்ள அந்தக் குழம்பில் மின்சாரம் பாய்ச்சினால் அலுமினியம் அடியில் தேங்கும். ஒரு கிலோவுக்கு 13 முதல் 15 யூனிட் கரண்ட் ஆகும்.

செலவை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: அந்தத் தொட்டியை நிறுத்தவே முடியாது. சில மணி நேரம் கரண்ட் போனால் குழம்பு உறைந்து கல்லாகிவிடும். அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். இந்த மலைகளின் பாக்சைட்டை நம்பி மேட்டூரில் 1965-ல் உற்பத்தி தொடங்கிய மால்கோ அலுமினிய உருக்காலை 2008-ல் நின்றுபோனது.

பழைய அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. 660 டிகிரியில் உருகிவிடும். புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் 5 சதவீதம் போதும். சாயங்காலம் உலையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் வேறு தலைவலிகள் உண்டு. குண்டான் ஏறக்குறைய சுத்த அலுமினியம், பிஸ்டனில் சிலிக்கன் கலந்திருக்கும். இரண்டையும் ஒரே மூசையில் (உருக்கும் பாத்திரத்தில்) போட்டால் பிரிக்க வழியில்லை. மறந்துபோன ஓர் இரும்பு ஆணி கரைந்தாலும் அப்படித்தான், வார்ப்பு நொறுங்கும்.

சூரமங்கலம் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் நின்று பார்த்தேன். உருகிய இரும்பு மாதிரி உருகிய அலுமினியம் சிவந்து எச்சரிக்காது. பகல் வெளிச்சத்தில் பாதரசம் போல அமைதியாகக் கிடக்கும். மேலே ஏடு கட்டியிருந்த கசடை ஒதுக்கிவிட்டு, சுண்ணாம்புப் பூச்சு அடித்த இரும்புக் கரண்டியை உலை விளிம்பில் வைத்துச் சுட வைத்தார் பெரியவர். "ஏனுங்க, கரண்டி சூடாத்தான் இருக்கணுமா?" என்றேன். "ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் வெடிச்சிருமுங்க" என்றார். உலோகத்துக்கு அடியில் சிக்கும் நீர் கணத்தில் ஆவியாகி அதைத் தூக்கி வீசும். வெடிக்காவிட்டாலும், நீரிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் உருகிய அலுமினியத்தில் கரைந்துகொள்ளும். உறையும்போது வெளியேற முடியாமல் ஊசிமுனை ஓட்டைகளாகத் தங்கிவிடும். மழைக்காலத்து ஸ்கிராப் இதற்குப் பேர்போனது.

மின்கம்பிக்குப் புது உலோகம்தான் சரி. கரண்ட் பாய சுத்தம் வேண்டும். பட்டறைக்காரருக்கு என் ஓட்டு பழைய பொருளுக்கே. வாங்கும்போதே குண்டானைத் தனியாக, பிஸ்டனைத் தனியாகக் குவித்து, மூடிபோட்ட பாத்திரமோ குழாயோ இருந்தால் உள்ளே தண்ணீர் இல்லையென்று பிளந்து பார்த்துவிட வேண்டும்.