எட்டடிக்கு ஆறடி மரக் கொட்டகை: இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு

வீட்டிலேயே உட்கார்ந்து தைப்பதுதான் என் தொழில். நாள் முழுக்க ஊசி முனையையும் விளிம்புத் தையலையும் பார்த்த கண்ணுக்குச் சாயங்காலம் அரை மணி நேரமாவது பச்சை தேவைப்படும். தோட்டம் வைத்ததே அதற்காகத்தான். மண்வெட்டி, களைக்கொத்து, பூவாளி, ஹோஸ் பைப், காலித் தொட்டிகள் எல்லாம் பின்கதவை ஒட்டிக் குவிந்து கிடந்தன. அவற்றை வைக்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் இந்தக் கொட்டகையை வாங்கினேன். இப்போது அதில் பாதி இடத்தை ஒரு நாற்காலியும் சின்ன மேசையும் பிடித்துக்கொண்டுவிட்டன. நான் டீ குடிக்க உட்காரும் அந்தப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான்கு பலகைச் சுவர்கள், தரை, கூரைச் சட்டம், தகரம், ஒரு பை நிறைய ஸ்க்ரூ என்று தனித்தனியாகக் கட்டி வரும். நானும் தம்பியும் ஒன்றரை நாளில் நிறுத்திவிட்டோம். ஒவ்வொரு பலகையின் விளிம்பும் பக்கத்துப் பலகையின் பள்ளத்துக்குள் போய் உட்காருகிறது. பலகைமேல் பலகை ஏறி நிற்கும் சாதாரண வகையைவிட இது சாரலை நன்றாகத் தடுக்கிறது. உள்சுவரும் வழவழப்பாக இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தாலும் இந்த வகையையே வாங்குங்கள்.

அடித்தளத்தைப் பற்றிக் கூட வந்த கையேட்டில் 'சமதளத்தில் வைக்கவும்' என்று ஒரே ஒரு வரிதான். இது பெரிய குறை. மண்மேல் அப்படியே வைத்தால் அடிச்சட்டம் ஈரத்தை உறிஞ்சி இற்றுப்போகும். நாங்கள் ரசமட்டம் பிடித்து, வரிசைக்கு மூன்றாக ஒன்பது கான்கிரீட் கட்டைகள் வைத்து அதன்மேல் தரையை ஏற்றினோம். கீழே காற்று ஓடுகிறது. கறையான் ஏறினாலும் கட்டையில் மண்கோடு தெரிந்துவிடும். ஒரு மூலை இறங்கினால்கூடக் கதவு நிலை கோணலாகிவிடும் என்பதால், இந்த வேலைக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குவது நல்லது.

முதல் மழைக்காலத்தில் கதவு இறுகிவிட்டது. துணி நனைந்தால் சுருங்கும் என்றே பழகிய கைக்கு மரம் புதுப்பாடம். மரம் ஈரம் குடித்தால் அகலவாக்கில் உப்பும்; நீளம் அனேகமாக அப்படியே இருக்கும். ஏழெட்டுப் பலகை அகலம் சேர்ந்த கதவு அல்லவா, நிலையில் போய் முட்டியது. தம்பி இழைப்புளியோடு வந்து, "அக்கா, ஓரத்தை இழைச்சு விட்டுடவா?" என்றான். "இப்ப வேண்டாம்டா, காயட்டும்" என்றேன். ஈரத்தில் இழைத்தால் வெயில் காலத்தில் அந்த அளவுக்குச் சந்து விழும். நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கதவின் ஆறு பக்கத்துக்கும், முக்கியமாக மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும், ஆளிவிதை எண்ணெய் பூசினேன். பலகையின் வெட்டுமுனைதான் தண்ணீரை அதிகம் குடிக்கும். இரண்டாவது மழையில் கதவு சுகமாகத் திறந்தது.

எண்ணெய் பூசிய துணியை அப்படியே கசக்கிக் கொட்டகைக்குள் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகி, சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்து வெளியில் காயப்போட வேண்டும்.

தகரக் கூரை முதல் வருஷம் என்னைக் கலங்க வைத்தது. மழையே இல்லாத காலையிலும் உள்ளே சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஒழுகல் இல்லை அது. இரவில் தகரம் குளிர்ந்ததும் உள்ளிருக்கும் ஈரக்காற்று அதன் அடியில் பட்டு நீராகிறது. கூரைக்குக் கீழே எதிரெதிர்ச் சுவர்களில் காற்றோட்டத் துளை போட்டுக் கம்பிவலை அடித்தோம்; நின்றுவிட்டது. அந்தத் துளைகளைத் தயாரிப்பாளரே போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் மழை அந்தத் தகரத்தில் விழும் சத்தத்துக்காக நான் எந்தக் குறையையும் பொறுத்துக்கொள்வேன்.

சரி, டீக்கு வருகிறேன்.

கொட்டகையில் மின்சாரம் கிடையாது. பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோகிறேன். அப்போதுதான் எந்த டீ அங்கே சரிவரும், எது வராது என்று தெரிந்தது. கொதிக்கக் கொதிக்க ஊற்றி எடுத்துப்போனாலும், செடிகளைப் பார்த்துவிட்டு வந்து உட்காருவதற்குள் என் பிளாஸ்க்கில் 90 டிகிரிக்குக் கீழே வந்துவிடுகிறது. அசாம் சிடிசி தூளுக்கு அது போதாது. உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, குறுணையாகச் சுருட்டும் முறை சிடிசி. 1930களில் அசாமில் வந்தது. பால் சேர்த்தாலும் அடங்காத திடமும் நிறமும் அதில் உண்டு. ஆனால் அதைக் கொதிநீரில் போட வேண்டும். ஆகவே பால் டீ சமையலறையிலேயே நின்றுவிட்டது.

அதே வெந்நீர் டார்ஜிலிங்கின் முதல் பறிப்புக்குக் கச்சிதம். மார்ச், ஏப்ரல் வாக்கில் பறிக்கும் இளம் துளிர் அது. காய்ந்த இலையிலேயே பச்சை ஓடியிருக்கும். மூன்று நிமிஷத்தில் வெளிர் பொன்னிறம் இறங்கும். பால் ஊற்றினால் அதன் பூமணம் அடிபட்டுப்போகும். எனக்கு அதைவிடவும் பிடித்தது மே, ஜூனில் வரும் இரண்டாம் பறிப்பு. பழுத்த திராட்சை போன்ற ஒரு வாசம் அதில் வரும். தத்துப்பூச்சி துளிரைக் கடித்துச் சாறு உறிஞ்ச, அந்தக் காயத்துக்குச் செடி எதிர்வினை காட்டுவதால் உண்டாகும் மணமும் அதில் கலந்திருக்கிறது. என் செடிகளில் தத்துப்பூச்சி வந்தால் இலை ஓரம் சுருண்டு மஞ்சளாகிறது. மலைமேல் அதே கடி மணமாகிறது. இதை அறிந்த நாளிலிருந்து ஒவ்வொரு மிடறும் எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

பச்சைத் தேயிலைக்கு இந்தச் சூடும் அதிகம். ஒரு கோப்பையில் ஊற்றி, அதிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, 75 டிகிரி வாக்கில் வந்ததும் இலையைப் போடுவேன். அவசரப்பட்டால் துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளும். நீலகிரியில் குளிர்காலத்தில் பறிப்பது இன்னொரு பிரியம். தெளிவான, மணமுள்ள டீ. புழுக்கமான நாளில் அதை ஆறவைத்துத்தான் குடிப்பேன்.

ஒரு தவறு செய்தேன், அது மற்றவர்களுக்கு உதவும். நல்ல டார்ஜிலிங் பொட்டலம் ஒன்றைக் கிளிப் போட்டு மூடி, கொட்டகை அலமாரியிலேயே வைத்துவிட்டேன். கீழ்த்தட்டில் பெயின்ட் டப்பாவும் டர்பன்டைன் பாட்டிலும் இருந்தன. பத்து நாள் கழித்துப் போட்ட டீயில் டர்பன்டைன்தான் மணத்தது. மொத்தத்தையும் உரக்குழியில் கொட்டும்போது மனம் வலித்தது. காய்ந்த தேயிலை ஈரத்தையும் வாசனையையும் அப்படி இழுக்கும். மல்லிகை டீ செய்வதும் இந்தக் குணத்தை நம்பித்தான்: சாயங்காலம் மொட்டுகளை இலையோடு கலந்து வைப்பார்கள், இரவில் அவை விரியும்போது இலை மணத்தைக் குடித்துக்கொள்ளும், காலையில் வாடிய பூவைப் பிரித்துவிடுவார்கள். உயர்ந்த ரகத்துக்கு இதையே பல இரவுகள் திரும்பத் திரும்பச் செய்வார்கள். பைன் மரப் புகையில் காயவைக்கும் லாப்சாங் சூசோங் என்ற சீன டீக்கும் அடிப்படை இதுதான். இப்போது அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் இறுக்கமான மூடி போட்ட சின்ன டப்பாவில் எடுத்துப்போகிறேன்.

ஊறிய இலை நேரே உரக்குழிக்குப் போகும். டீ பேக் என்றால் பிரித்து இலையை மட்டும் போடுங்கள். பல பைகளின் விளிம்பை ஒட்டப் பிளாஸ்டிக் இழை சேர்க்கிறார்கள், அது மக்காது.

வாங்க நினைப்பவர்கள் ஆறுக்கு நாலு அளவில் திருப்தி அடைய வேண்டாம். கருவிகள் போக அதில் நாற்காலி நுழையாது. ஜன்னலை நேர் வெயில் விழாத பக்கம் வையுங்கள். வெளிச்சம் நிலையாக இருக்கும். கையில் தையல் இருந்தாலும் கண் கூசாது. கையேட்டுக்கும் கூரைக்கும் ஆளுக்கொரு மதிப்பெண் குறைத்து, ஐந்துக்கு மூன்று என்று கணக்குப் போட்டேன். பலகையின் தரத்துக்காக அதை நாலாக்குகிறேன்.

தம்பிக்கு இன்னும் பால் டீதான். சமையலறையில் கொதிக்கவைத்த டீயை அப்படியே கொண்டுபோக அவனுக்கென்று இரண்டாவது பிளாஸ்க் வாங்கியாகிவிட்டது. பூவாளிக்குப் பக்கத்தில் அதை மாட்ட ஒரு கொக்கி அடிக்க வேண்டும்.