'பொருந்தவில்லை' என்று மட்டும் சொல்லும் சரிபார்ப்புப் பக்கம்

கனடாவில் இருக்கும் நண்பன் பிட்காயின் வைத்து டைஸ் (பகடை) ஆடும் ஒரு தளத்தில் வரிசையாகத் தோற்றுவிட்டு, "டேய், இவனுங்க ஏமாத்துறானுங்க, நீயே பாரு" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். பந்தயம் நேர்மையாக நடந்ததா என்று ஆடுகிறவரே சோதித்துக்கொள்ள அந்தத் தளம் வைத்திருக்கும் சரிபார்ப்புப் பக்கம் அது. மூன்று பெட்டி, ஒரு பொத்தான், கீழே சிவப்பில் 'பொருந்தவில்லை'. ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது. நான் பந்தயம் கட்டுகிற ஆள் இல்லை (இங்கே இந்தியாவில் 2025-ல் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது), அதனால் இது அந்தச் சரிபார்ப்புப் பக்கத்துக்கு மட்டுமான விமர்சனம்.

முறை என்னவோ நல்ல முறைதான். பந்தயத்துக்கு முன்பே தளம் சர்வர் சீட் என்ற ரகசிய எழுத்துச் சரத்தை முடிவு செய்து அதன் ஹாஷை (சரத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை மாதிரியான குறியீடு) மட்டும் காட்டும். நம் பங்குக்கு நாம் தரும் சரம் கிளையன்ட் சீட், எத்தனையாவது பந்தயம் என்பதற்கான எண் நான்ஸ். மூன்றையும் ஹெச்மேக் என்ற ஹாஷ் வகைக் கணக்கில் போட்டால் பகடை எண். பிறகு சர்வர் சீட் வெளியாகும்போது அதே ஹாஷ் வரவில்லையென்றால் தளம் மாட்டிக்கொள்ளும்.

நண்பன் செய்த முதல் கோளாறு, சர்வர் சீடுக்குப் பதில் ஹாஷை ஒட்டியது. அவனைத் திட்டவும் முடியாது, இரண்டுமே 64 எழுத்து, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சீடை மாற்றினால்தான் பழையது வெளியே வரும் என்று அந்தப் பக்கத்தில் எங்கும் எழுதவில்லை. சரி, மாற்றினான், அப்போதும் சிவப்பு. கிளையன்ட் சீடைப் போனில் காப்பி செய்தபோது கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது, அது கண்ணுக்கே தெரியாது, ஆனால் ஒரு எழுத்து கூடினால் மொத்த விடையும் தலைகீழ். அந்தப் பெட்டி இடைவெளியைத் தானாக வெட்டியிருக்கலாம், ஒரே வரி வேலை.

அதற்கு அப்புறமும் பொருந்தவில்லை. அந்தப் பக்கமே அவர்களுடையதுதானே என்று நான் பைத்தானில் தனியாகக் கணக்குப் போட்டேன். என் விடை நண்பனின் அடுத்த பந்தயத்தோடு கச்சிதமாக ஒத்துப்போனது! பந்தய வரலாற்றில் எண்ணிக்கை 1-ல் தொடங்குகிறது, நான்ஸோ 0-வில். ஒன்றைக் குறைத்ததும் சரியாக வந்துவிட்டது: ஹெச்மேக் விடையின் முதல் ஐந்து ஹெக்ஸ் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) இலக்கம் 74193, சாதாரண எண்ணில் 475539, கடைசி நான்கு இலக்கத்தை எடுத்தால் 55.39. அவன் ஜெயிக்க 49.50-க்குக் கீழே விழுந்திருக்க வேண்டும். நேர்மையாகத்தான் தோற்றிருக்கிறான். "அப்போ காசு திரும்ப வராதா?" என்று கேட்டான், பாவம்.

வாடிக்கையாளர் சேவைக்கு அவன் மூன்று முறை எழுதியிருக்கிறான், மூன்றுக்கும் 'பிரவுசர் கேஷை அழித்துவிட்டு முயலுங்கள்' என்ற அதே பதில். கேஷுக்கும் இதற்கும் என்னய்யா சம்பந்தம்?

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டும், பகடை எண் வருகிற சூத்திரத்தை ஒளிக்காமல் உதவிப் பக்கத்தில் போட்டிருப்பதற்காக. நான்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் '0-விலிருந்து எண்ணவும்' என்று போட்டிருந்தால் என் ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் போயிருக்காது.