ஏழு வருடமாக ஒரு செயின் சா: புகை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்ட அனுபவம்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. விடிந்ததும் பேராவூரணிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோப்புக்கு ஓடினேன். நின்ற தென்னையைவிட விழுந்த தென்னைதான் அதிகம். அறுத்து அப்புறப்படுத்த ஆள் கிடைக்கவில்லை, வந்த ஆளிடம் மிஷின் இல்லை. அந்த டிசம்பரில்தான் 58 சிசி, 22 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) உள்ள ஒரு பெட்ரோல் செயின் சா வாங்கினேன். அதே மிஷின்தான் இன்றும் ஓடுகிறது. பிஸ்டன் மாற்றியதில்லை. செயின் மட்டும் நிறைய மாற்றியிருக்கிறேன்.

இந்த மிஷினோடு நான் அதிகம் மல்லுக்கட்டியது புகையோடுதான். புதிதாக வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்பதும் அதைத்தான். அதனால் பட்டதை எழுதிவைக்கிறேன்.

வாங்கிய கடையில், "லிட்டருக்கு அரை டீ கிளாஸ் டூ-டி ஆயில் ஊத்துங்க, கொஞ்சம் கூடப் போனாலும் இன்ஜினுக்கு நல்லதுதான்" என்று சொல்லி அனுப்பினார்கள். டூ-டி என்பது டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்காகப் பெட்ரோலில் கலக்கும் ஆயில். புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கும் மனநிலையில் அப்போது யாரும் இல்லை. அப்படியே ஊற்றி ஓட்டினோம். கயிறு இழுத்து ஸ்டார்ட் ஆனதும் தோப்பில் கொசுமருந்து அடிக்கிற மாதிரி நீலம் கலந்த வெள்ளைப் புகை அடர்த்தியாகப் போகும். மிஷின் பிடித்தவருக்குச் சாயங்காலம் தலைவலி, கண் எரிச்சல். இரண்டு மாதம் போனதும் இழுவையும் குறைந்தது. சைலன்சர் ஓட்டையிலிருந்து கருப்பாக எண்ணெய் வழிந்து உறை முழுக்கப் பரவியது.

பட்டுக்கோட்டையில் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக் மெக்கானிக் இருக்கிறார். ஆர்எக்ஸ் 100 காலத்திலிருந்து வேலை பார்ப்பவர். மிஷினைப் பார்க்கவே இல்லை, முதலில் ப்ளக்கைக் கழற்றச் சொன்னார். கழற்றினால் முனை கரியாக, ஈரமாக, பளபளவென்று இருந்தது. கட்டைவிரலால் தடவி என்னிடம் நீட்டினார். "பெட்ரோல் ஈரமா இருந்தா உடனே காஞ்சிரும் தம்பி. இது ஆயில். எவ்வளவு ஊத்துறீங்க?" என்றார். சொன்னேன். மருந்துக்கடையில் போய் 20 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கி வரச் சொன்னார். என் டீ கிளாஸில் வழக்கமாக ஊற்றும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, சிரிஞ்சால் உறிஞ்சி அளந்து காட்டினார். 70 மில்லி வந்தது.

என் மிஷினோடு வந்த புத்தகத்தில் 25-க்கு 1 என்று போட்டிருந்தது. அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி. நான் ஊற்றியது கிட்டத்தட்ட 14-க்கு 1. அவ்வளவு ஆயிலும் எரியாது, பாதி எரிந்து பாதி புகையாகவும் கரியாகவும் போகும். இந்த 40 மில்லியை அப்படியே எல்லா மிஷினுக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 50-க்கு 1 கேட்கிற மிஷின் இருக்கிறது, அதற்கு லிட்டருக்கு 20 மில்லிதான், அதற்கேற்ற ஆயிலும் வேண்டும். உங்கள் மிஷினின் டேங்க் மூடியிலோ புத்தகத்திலோ என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

ஆயில் வகையிலும் விஷயம் இருக்கிறது. டப்பாவின் பின்பக்கம் ஜாசோ (JASO, ஜப்பான் தரக் குறியீடு) எஃப்சி அல்லது எஃப்டி என்று இருந்தால் அது புகை குறைவாக வரும் தரம். எஃப்பி என்று இருந்தால் ஓடும், ஆனால் புகை கூடுதல். பக்கத்துத் தோப்பில் ஒருவர் அவசரத்துக்குப் பைக்கில் மிச்சமிருந்த ஃபோர்-டி (ஃபோர் ஸ்ட்ரோக்) இன்ஜின் ஆயிலைக் கலந்து ஓட்டினார். அது பெட்ரோலோடு எரிவதற்காகச் செய்த ஆயில் இல்லை. அன்று வந்த புகையில் எதிரில் நின்ற ஆள் தெரியவில்லை.

அளவைச் சரிசெய்த அன்றே புகை நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஏற்கெனவே சைலன்சருக்குள் தேங்கிய ஆயில் எரிந்து தீரவேண்டுமே. மெக்கானிக் அண்ணன் சைலன்சரைக் கழற்றினார். உள்ளே, சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் வாய் பாதி அடைத்துக் கிடந்தது, கரி அப்பளம் மாதிரி தட்டுத் தட்டாக ஒட்டியிருந்தது. கயிற்றை மெல்ல இழுத்து பிஸ்டன் அந்த வாயை மூடுகிற இடத்தில் நிறுத்தினார். கரி உள்ளே விழக்கூடாது, அதற்காக. பிறகு மூங்கில் சிம்பைச் சீவிச் சுரண்டினார். ஸ்க்ரூ டிரைவரை எடுக்க விடவில்லை, அலுமினியத்தில் கோடு விழும் என்றார். அன்று மாலை புதுக் கலவை ஊற்றி ஒரு டேங்க் ஓடி முடிந்தபோது புகை மெல்லிய இழையாகிவிட்டது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ப்ளக் முனை காபிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. இன்றும் மிஷினின் உடம்பு எப்படி என்று பார்க்க நான் முதலில் கழற்றுவது ப்ளக்கைத்தான்.

இரண்டாவது தடவை 2021 மழைக்காலத்துக்குப் பிறகு வந்தது. அளவு சரி, ஆயிலும் சரி. ஆனால் இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தபிறகு ஸ்டார்ட் ஆகி, திணறிக்கொண்டே புகைவிட்டது. காரணம் கேனில் இருந்தது. நான்கு மாதத்துக்கு முன் கலந்து வைத்த பெட்ரோல். வைத்தால் பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போய்விடும், ஆயில் அப்படியே இருக்கும், கலவை தானாகக் கெட்டியாகும். எத்தனால் வேறு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் இந்தத் தொல்லை முன்பைவிட அதிகம். இப்போதெல்லாம் நான் ஒரு லிட்டருக்கு மேல் கலப்பதில்லை, ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. வேலை முடிந்து மிஷினை எடுத்துவைக்கும்போது டேங்கைக் காலி செய்து, அதுவாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன்.

அதே சமயத்தில் கருப்புப் புகையும் பார்த்தேன். நிறத்தை வெயிலில், பின்னால் வெளிச்சம் இருக்கிற இடத்தில் நின்று பாருங்கள், நிழலில் எல்லாம் ஒன்றுபோல்தான் தெரியும். கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டரைத் திறந்தால் தென்னைத் தூள் மெத்தை மாதிரி அடைந்திருந்தது. சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்துப் போட்டதும் பாதி சரியாயிற்று. மீதிக்குக் கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டியிருந்தது, உள்ளே ஊசி சரியாக உட்காராமல் பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தது. அதை நான் தொடவில்லை, மெக்கானிக்கிடம் கொடுத்தேன். சிலருக்கு இவ்வளவும் வேண்டியிருக்காது. ஸ்டார்ட் ஆனபிறகு சோக்கை முழுதாகத் திறக்காமல் வேலை பார்த்தாலே கருப்புப் புகை வரும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கார்புரேட்டரில் ஹெச், எல் என்று இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும். புகை வருகிறது என்று எடுத்த எடுப்பில் ஹெச் ஸ்க்ரூவை முறுக்காதீர்கள், உள்ளே முறுக்கினால் இன்ஜினுக்குப் போகிற பெட்ரோல் குறையும். எனக்குத் தெரிந்த ஒருவர் அதைத்தான் செய்தார். கூடவே ஆயிலையும் குறைத்தார். புகை சுத்தமாகப் போனது, சத்தமும் கணீரென்று ஏறியது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு மணி நேரம் அறுத்தார், நடு மரத்தில் பிஸ்டன் பிடித்து நின்றுவிட்டது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குள் உராய்வைத் தாங்குவது பெட்ரோலோடு போகிற அந்தக் கொஞ்ச ஆயில்தான், வேறு ஆயில் உள்ளே கிடையாது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்தே குறையும், சூடு ஏறும். புகையே வராத மிஷினைப் பார்த்தால் எனக்குப் பயம்தான்.

அப்புறம், புகை என்று நாம் சொல்வதில் பாதி இன்ஜினிலிருந்து வருவதே இல்லை. போன வருடம் வேலைக்கு வந்த பையன், "அண்ணே, மிஷின் திரும்பவும் புகையுது" என்று ஓடிவந்தான். போய் மோந்து பார்த்தால் ஆயில் வாசனை இல்லை, மட்டை கருகுகிற வாசனை. புகை சைலன்சரிலிருந்து வரவில்லை, பார் மரத்துக்குள் போகிற இடத்திலிருந்து வந்தது. அறுபட்டு விழுந்ததைக் கையில் அள்ளினேன். சீவல் சீவலாக விழவேண்டியது மாவாக விழுந்திருந்தது. செயின் மொட்டையாகிவிட்டது, பையன் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான். தென்னையின் வெளிப்பக்கம் கெட்டி. விழுந்து கிடக்கிற மரத்தில் மணல் வேறு ஒட்டியிருக்கும், கூர் சீக்கிரம் போய்விடும். என் செயினுக்கு 4.8 மில்லி மீட்டர் உருண்டை அரம். ஒரு டேங்க் பெட்ரோல் தீர்ந்தால் ஒரு தடவை அரம் போடு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

செயினுக்கு ஆயில் வருகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. காய்ந்த பாளை ஒன்றைத் தரையில் போட்டு, பாரின் நுனியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். பாளையில் எண்ணெய்க் கோடு விழவேண்டும். விழாவிட்டால் பாரைக் கழற்றி ஆயில் வரும் துளையையும் செயின் ஓடும் பள்ளத்தையும் கம்பியால் சுத்தம் செய்யுங்கள், நார் அடைத்திருக்கும். வண்டியில் வடித்த பழைய ஆயிலைப் பலரும் இதில் ஊற்றுகிறார்கள், நானும் ஊற்றியிருக்கிறேன். அதிலிருக்கும் இரும்புப் பொடியும் கசடும் பம்பைக் கெடுத்தது, விட்டுவிட்டேன். செயின் இறுக்கத்தையும் பாருங்கள், பிரேக்கை விட்டுவிட்டுக் கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓடவேண்டும். பிரேக் விழுந்திருப்பது தெரியாமல் ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலும் கிளட்ச் பக்கம் புகையும், அதை உடனே நிறுத்திவிட வேண்டும்.

இப்போதைய நிலை இதுதான். மார்கழிக் காலையில் முதல் இழுப்பில் ஸ்டார்ட் ஆனால் அரை நிமிடம் வெள்ளையாகப் புகை வருகிறது, சூடானதும் அடங்கிவிடுகிறது. முந்தின நாள் மிஷினைச் சாய்த்துப் போட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக வரும். அதற்காக நான் எதையும் கழற்றுவதில்லை. மோட்டார் கொட்டகை ஆணியில் பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் அந்த 20 மில்லி சிரிஞ்சு நூலில் தொங்குகிறது, எழுத்து அழிந்து இரண்டு முறை மாற்றிவிட்டேன். கலக்குவது யாராக இருந்தாலும் லிட்டருக்கு இரண்டு சிரிஞ்சு.